குகை வாயில் உட்கார்ந்து வௌவால் எண்ணுவது

காப்புக்காட்டுக் குகையில் கணக்கெடுப்புக்கு உதவியாளாகப் போகிறவர்களுக்கு முதல் ஆசை உள்ளே போய்ப் பார்ப்பது. அந்த ஆசையை வெளியிலேயே விட்டுவிடுங்கள். குட்டி போட்ட காலத்தில் டார்ச்சோடு நாலு பேர் உள்ளே நுழைந்தால் கூட்டம் மொத்தமாக எழும். தாயின் மார்பிலிருந்து நழுவி விழுந்த குட்டி பெரும்பாலும் மேலே திரும்பிப் போகாது. கீழே எறும்பும் கரப்பானும் காத்திருக்கும். பல இனங்களில் தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டிதான். அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் வெளியேறும்போது எண்ணுவதே முறை.

வன உயிரினச் சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வௌவாலைப் பிடிப்பது இதில் அடங்காது, அதற்குத் தனி அனுமதி. இதே சட்டம்தான் 2022 திருத்தம் வரை பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது பாதுகாப்பு இல்லாத உயிர்களோடு, வைத்திருந்தது. மேகமலையில் முதலில் கிடைத்த சலீம் அலி பழந்தின்னி மட்டும் விதிவிலக்காக, உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருந்தது.

எண்ண இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு கிளிக்கர் (அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக எண்ணும் கைக்கருவி). ஒரு கையில் வெளியே போவது, மறு கையில் உள்ளே திரும்புவது. கழித்து வருவதுதான் கணக்கு. சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். வாய்க்கு நேரே உட்காராதீர்கள். பறக்கும் பாதையை மறித்தால் வெளியேற்றமே தள்ளிப்போகும். பக்கவாட்டில், வௌவால் வானத்தை ஒட்டிக் கருப்பாகத் தெரிகிற இடமாகப் பாருங்கள். பாறை விளிம்பு, மரக்கிளை என்று இரண்டு அடையாளம் பிடித்து நடுவே ஒரு கோடு கற்பித்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கடந்ததை மட்டுமே அழுத்த வேண்டும்.

இந்தக் கோடு இல்லாவிட்டால் கணக்கு எப்படிக் கெடும்? இலைமூக்கு வௌவால்கள் வெளிச்சம் மங்கிவிட்டதா என்று பார்க்க வாய்வரை வந்து, வட்டமடித்து, திரும்ப உள்ளே போகும். மதுரை சமணர் மலைக் குகையில் உயிரியலாளர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் இவற்றின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தபோது கவனித்த பழக்கங்களில் இதுவும் ஒன்று. கோடு இல்லாமல் எண்ணினால் ஒரே வௌவால் ஐந்தாறு முறை கணக்கில் ஏறும். உழவாரக் குருவி அடையும் குகை என்றால் இன்னொரு குழப்பம்: வௌவால் கிளம்பும் அதே நேரத்தில் குருவி உள்ளே வரும். உள்ளே வருவதையெல்லாம் வௌவால் என்று அழுத்தினால் கழித்தல் தப்பாகும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை எழுதுங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து ஒன்றும் வராவிட்டால் நிறுத்தலாம். மழை, காற்று, மேகம், நிலவு எல்லாம் தாளில் இருக்க வேண்டும். ஒரு மாலைக் கணக்கை நம்பாதீர்கள். அடுத்தடுத்து மூன்று மாலை எண்ணுங்கள், ஆண்டுதோறும் அதே மாதத்தில்.

கோலார் மாவட்டம் ஹனுமனஹள்ளிக் குகையின் கோலார் இலைமூக்கு வௌவாலை நினைத்துப் பாருங்கள். 1994-இல் விவரிக்கப்பட்ட இனம், எஞ்சியிருப்பது இருநூறுக்குள்தான். அங்கே இருபது எண்ணிக்கை தவறினால் இனத்தில் பத்தில் ஒரு பங்கு காகிதத்தில் காணாமல் போய்விடும்.

கூட்டம் ஆயிரத்தைத் தாண்டினால் கண் போதாது, அகச்சிவப்பு விளக்கும் கேமராவும் வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும், படம் முழுக்க மங்கல். விளக்கை லென்ஸுக்கு ஒட்டி வைத்தால் பக்கத்தில் பறக்கும் பூச்சிகள் வெள்ளைக் கோடாக விழும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். எல்லாக் கருவியின் கடிகாரத்தையும் கிளம்பும் முன் ஒன்றாக்குங்கள். வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டி எண்ண வேண்டும்.

வௌவால் வழி காண எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பதிவுசெய்து இனம் காண்பதும் உண்டு. அந்த ஒலிப்பதிவில் அடிக்கடி நேர்வது ஒரே தவறு. ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலின் ஒலி 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். மாதிரி வேகத்தில் பாதி வரைதான் கருவி பதியும்; நொடிக்கு 250 ஆயிரம் மாதிரி என்று வைத்தால் 125 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் சரியாகப் பதியாது. 384 ஆயிரத்தில் வையுங்கள். அத்தனை உயர்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் அடங்கிவிடும், ஆகவே மைக் பறக்கும் பாதையிலிருந்து சில மீட்டருக்குள் இருக்க வேண்டும். குகையில் அடையும் பழந்தின்னியான ரூசெட்டஸ் நாக்கைச் சொடுக்கித்தான் வழி காணும். மற்றப் பழந்தின்னிகளை ஒலியால் கணக்கெடுக்க முயல்வது வீண்.

உள்ளே போக வேண்டிய ஒரே நல்ல காரணம் டேட்டா லாகர், அதாவது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிந்துவைக்கும் சிறு கருவி. வாய், மங்கல் பகுதி, முழு இருட்டு என்று மூன்று இடம். மூன்றிலும் தரையிலிருந்து ஒரே உயரம், ஏனென்றால் சூடான காற்று கூரையில் தங்கும். நைலான் நூலில் தொங்கவிடுங்கள், சுண்ணாம்புப் படிவங்களில் கட்டாதீர்கள். ஈரப்பதம் நூறை ஒட்டியே இருப்பதால் சென்சாரில் நீர் கோத்து மாதக்கணக்கில் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து, உலர்த்தி, சரிபார்த்து, மாற்றி மாற்றி வைப்பதுதான் வழி. பஸ்தரின் கோடும்சார் போன்ற குகைகளில் மழைக்காலத்தில் வெள்ளம் புகும். லாகரை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அங்கே கண் சுருங்கி நிறம் வெளுத்த மீன்கள் உண்டு, குட்டையில் கால் வைக்காதீர்கள்.

எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோப்ளாஸ்மா பூஞ்சை இருக்கலாம். துணி முகக்கவசம் பயன்படாது, என்95 வேண்டும். விழுந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதீர்கள். ஆளுக்கு மூன்று விளக்கு, வெளியே திரும்பும் நேரம் தெரிந்த ஒருவர். தலைவலித்து மூச்சு வேகமாக வாங்கினால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். மெழுகுவத்தி எரிகிறதே என்று நின்றுகொண்டிருக்கக் கூடாது.

தாளை அன்றிரவே சரிபாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் 0 என்று எழுதுங்கள். எண்ண முடியாமல் போனால் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தை விட்டுவிட்டால் இரண்டில் எது என்று அடுத்த ஆண்டு உங்களாலேயே சொல்ல முடியாது.