முக்கோணம் இல்லாத சாப்பாடு

நியூயார்க் நகரத்தில் பெரிய செயின் உணவகம் எதற்குப் போனாலும், மெனுவில் சில அயிட்டங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் இருக்கும். அதற்குள் வெள்ளையில் ஓர் உப்புக் குப்பி. அந்த ஒரே தட்டில் 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம், அதாவது உப்பில் இருக்கும் பொருள், இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலாம் என்று அமெரிக்காவில் சொல்லும் உச்ச வரம்பே அவ்வளவுதான். 2015 டிசம்பர் 1 முதல் இது நகரத்து விதி. நாடு முழுக்க 15 கிளைகளாவது வைத்திருக்கும் உணவகங்களுக்கு மட்டும்.

என் ஆபீசில் பாதிப் பேர் இந்த முக்கோணத்தைப் பார்த்ததே இல்லை என்பார்கள். தேவைப்பட்டால்தானே கண்ணில் படும். எனக்கு நாற்பதைத் தொடும் முன்பே பிபி வந்துவிட்டது. அப்பா வழிச் சொத்து.

அந்த அப்பா தென்காசியிலிருந்து வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை மன்ஹாட்டனில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முக்கோணத்தைக் கண்டால் கை தானாகப் பின்வாங்கும் ஆள். மெனுவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், “என்னம்மா இது, டேஞ்சர் போர்டு மாதிரி போட்டிருக்கான்?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். ரொம்பச் சந்தோஷம் அவருக்கு. ஊரில் எந்த ஹோட்டல்காரன் இப்படிச் சொல்லுவான் என்று பாராட்டினார். அப்புறம் விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்போ முக்கோணம் இல்லாததெல்லாம் நாம சாப்பிடலாம், அப்படித்தானே?”

என் புகார் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அவர் ஒரு சூப்பும் ஒரு கோழி சாண்ட்விச்சும் தேர்ந்தெடுத்தார். இரண்டுக்கும் முக்கோணம் கிடையாது. கடையின் இணையதளத்தைப் போனில் திறந்து பார்த்தேன். சூப் 1,350 மில்லிகிராம், சாண்ட்விச் 1,680. இரண்டும் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதையே ஒரு காம்போவாகப் பெயர் வைத்து விற்றிருந்தால் முக்கோணம் போட்டே ஆக வேண்டும், காம்போவும் விதிக்குள் வரும். தனித்தனியாக வாங்கினால் வராது. 2,299 மில்லிகிராம் உள்ள தட்டு மெனுவில் அப்பழுக்கில்லாமல் நிற்கும்.

2,300 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று அப்பாவுக்குப் புரியவைக்க அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். தேக்கரண்டியில் தூள் உப்பு எடுத்து, கத்தி முதுகால் தலைதட்டி, அவர் உள்ளங்கையில் கொட்டினேன். கிட்டத்தட்ட ஆறு கிராம். அதில்தான் அந்த 2,300 இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் கறார், ஐந்து கிராமுக்குள் நிறுத்து என்கிறது. அப்பா கையை ஆட்டிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? உங்கம்மா ரசத்துக்கே இதைவிடக் கூடப் போடுவாளே.”

“ரசம் நாலு பேருக்குப்பா.”

“அதுவும் சரிதான்” என்றவர், உப்பை வீணாக்க மனமில்லாமல் திரும்ப டப்பாவிலேயே தட்டிவிட்டார்.

நாக்குக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊறுகாயில் தெரியும். மோர் மிளகாயில் தெரியும். ரொட்டியில் தெரியாது. கோழி மார்புக்கறியை மெத்தென்று வைக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோ, ஊசியால் ஏற்றியோ விடுகிறார்களே, அது கடித்தால் வெறும் கோழி மாதிரிதான் இருக்கும். பேன்கேக்கில் பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் போகின்றன. இரண்டிலும் சோடியம் இருக்கிறது, மேலே ஊற்றும் பாகில் நாக்குக்கு ஒன்றும் உறைக்காது. அமெரிக்காவில் உடம்புக்குப் போகும் சோடியத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பாக்கெட்டிலும் உணவகத்திலும் ஏற்கனவே சேர்ந்து வருவது. வீட்டுச் சமையலில் போடுவதும் மேசையில் தூவிக்கொள்வதும் சேர்ந்தே பத்து சதவீதம்தான் இருக்கும். “உப்பைக் குறைச்சுக்கோங்க” என்று டாக்டர் சொன்னால், இங்கே குறைப்பதற்கு நம் கையில் இருப்பது அந்தப் பத்துதான். மிச்சத்தை எழுதி வைத்தால்தான் தெரியும். அதனால் விதி வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

வேண்டாம் என்றவர்கள் உணவகக்காரர்கள். விதி அமலுக்கு வந்த மாதமே தேசிய உணவகச் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2016 பிப்ரவரியில் மன்ஹாட்டன் நீதிபதி ஐலீன் ரகோவர் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் கொஞ்ச நாள் தடை, மே மாதம் தடை நீங்கியது, ஜூனிலிருந்து மீறினால் 200 டாலர் அபராதம். 2017 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் விதி நிலைத்தது. இத்தனைக்கும் இந்த விதியைப் போட்ட நகரத்துச் சுகாதார வாரியம் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பலமாக அடி வாங்கியிருந்தது. ப்ளூம்பெர்க் மேயராக இருந்தபோது பெரிய கோப்பையில் சர்க்கரை போட்ட குளிர்பானம் விற்கத் தடை கொண்டுவந்தார்களே, அதை 2014-இல் மாநிலத்தின் உச்ச மன்றம் அதிகாரம் மீறியது என்று தள்ளிவிட்டது. உப்பு விதி எதையும் தடுக்கவில்லை. விற்றுக்கொள், சொல்லிவிட்டு விற்றுக்கொள் என்கிறது. அந்த வித்தியாசம்தான் காப்பாற்றியது என்பது என் எண்ணம். பிலடெல்பியாவும் இதே மாதிரி ஒன்றை 2019 செப்டம்பரில் கொண்டுவந்துவிட்டது.

சங்கத்தின் வாதங்களில் ஒன்று மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது. உப்பு எங்கே சாப்பிட்டாலும் உப்புதானே, செயின் கடைக்கு மட்டும் எதற்குக் குறி? காரணம் இல்லாமல் இல்லை. செயின் கடையில் எல்லாம் அளந்து வைத்தது. பிராங்க்ஸில் வாங்கினாலும் புரூக்ளினில் வாங்கினாலும் அதே சாஸ், அதே அளவு. கணக்கும் ஏற்கனவே அவர்களிடம் இருக்கிறது. ஒற்றைக் கடையில் இன்றைக்குச் சாம்பார் ஒரு கை, நாளைக்கு வேறொரு கை. அதை லேபுக்கு அனுப்பி அளக்கச் சொன்னால் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் நான் வாரக் கடைசியில் சாப்பிடுவது அந்த மாதிரிக் கடையில்தான். குவீன்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு, அப்பளம், ஊறுகாய் என்று அங்கே ஒரு ஃபுல் மீல்ஸ் போட்டால், முக்கோணம் ஒன்று போதாது என்றுதான் தோன்றுகிறது. ஒரு தடவை கடைக்கார அண்ணனிடம் கொஞ்சம் உப்பைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டேன். “குறைச்சா நீங்க ஒரு ஆள் வருவீங்கம்மா, மத்தவங்க வர மாட்டாங்க” என்றார். அவர் சொல்வதும் உண்மை. அங்கே நான் அப்பளத்தையும் ஊறுகாயையும் இலையில் வைக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வைத்துவிட்டால் என்னால் முடியாது.

செயின் கடைக்கு வருவோம். எனக்கு வேண்டியது முக்கோணம் இல்லை, எண். கலோரியை எப்படிப் போடுகிறார்கள் பாருங்கள். 2008-லிருந்து இந்த நகரத்தில் செயின் கடைகள் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் கலோரி எண்ணை எழுதுகின்றன. மஃபின் 450, சாலட் 620 என்று வெறும் எண். ஒரு நாளைக்குரிய 2,000 கலோரியும் ஒரே தட்டில் வந்தால்தான் குறி போடுவோம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். உப்புக்கு மட்டும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். விதி வந்த சமயத்தில் மெனுவில் பத்தில் ஒரு அயிட்டத்துக்குத்தான் குறி விழும் என்று நகரமே சொன்னது. மிச்சம் ஒன்பதையும் அப்பா மாதிரி ஒருவர் பச்சைக் கொடியாகத்தான் எடுத்துக்கொள்வார். மெனு எண்களால் நிரம்பி வழியும் என்று ஆட்சேபிப்பார்கள். வழியட்டுமே. விலையை விதவிதமான எழுத்தில் போட இடம் இருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, 20 கிளைகளாவது உள்ள செயின் உணவகத்தில் யார் கேட்டாலும் சோடியம் உட்பட முழு விவரத்தையும் எழுத்தில் காட்ட வேண்டும். நான் கேட்கிறேன். சில கவுண்டர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே தெரியாது, மேனேஜரைக் கூப்பிடுவார்கள். அவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து, ஓரம் சுருண்ட ஒரு ஃபைலை எடுத்துத் தருவார். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும், இரண்டு நிமிஷ வேலை.

அந்த அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சூப்புக்குக் கப், கிண்ணம் என்று இரண்டு வரி இருக்கும். கப் கணக்கைப் பார்த்துவிட்டுக் கிண்ணம் வாங்காதீர்கள். சாலடுக்கு மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங் பெரும்பாலும் வேறு பக்கத்தில் தனி வரியாக இருக்கும், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.