பன்னிரண்டு ஃபிரேம்

ஜனவரி 3, 2025

பனிக்குடத் தண்ணீர் 7.2. இனி குளியலறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்தால் போதுமாம். மற்ற நேரம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அடுத்த ஸ்கேன் 17ஆம் தேதி. போன முறை இந்த எண்ணை நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

ஜனவரி 5

தூக்கம் இல்லை. காவேரிப்பட்டணத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் அடங்கினாலும் ஹைவே அடங்காது. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி லேசாக அதிர்கிறது.

படுத்தபடியே பழைய விளையாட்டை ஆரம்பித்துவிட்டேன். அனிமேஷன் ஆபீசில் ரெண்டர் ஓடும் நேரத்தில், கம்ப்யூட்டர் படங்களைச் செய்து முடிக்கும்வரை, நாங்கள் நான்கு பேர் விளையாடியது. 'அது மட்டும் வேற மாதிரி ஆகியிருந்தா?' ஒருத்தி சினிமா வரலாற்றிலிருந்து ஒரு சம்பவத்தை எடுப்பாள். மற்றவர்கள் அங்கிருந்து வேறு பாதையில் ஓட்டிப் போக வேண்டும். பெரும்பாலும் ஓஸ்வால்டு என்ற கார்ட்டூன் முயலில்தான் ஆரம்பிக்கும். 1928இல் வால்ட் டிஸ்னி நியூயார்க்குக்குப் போய், முயல் படங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டார். விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ் கொடுக்கவில்லை. முயலின் உரிமையும் டிஸ்னியிடம் இல்லை. வரைகிறவர்களில் பெரும்பாலோரும் மின்ட்ஸ் பக்கம் போய்விட்டார்கள். கேட்ட பணம் கிடைத்திருந்தால் அந்த நவம்பரில் மிக்கி வந்திருக்காது. நம் ஊர் டிபன் பாக்ஸ்களில் எல்லாம் முயல்தான் சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்று முயல் பிடிக்கவில்லை. 1998 தான் திரும்பத் திரும்ப வருகிறது.

பிக்சார் அனிமேஷன் ஸ்டுடியோவில் யாரோ அழிக்கும் கட்டளையைத் தப்பான இடத்தில் அடித்துவிட்டார்கள். டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் கரையத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னால் முதலில் கவ்பாய் பொம்மை வுடியின் தொப்பி போனது, அப்புறம் பூட்ஸ், அப்புறம் வுடியே இல்லை. மெஷின் வயரைப் பிடுங்கச் சொல்லி ஃபோன் பறந்தது. அதற்குள் ஏறத்தாழ 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப் இருக்கிறதே என்று திறந்தால், அது ஒழுங்காகப் பதிவாகாமல் கிடந்திருக்கிறது. படத்தில் வேலை பார்த்த கேலின் சுஸ்மனுக்கு அந்தச் சமயத்தில் கைக்குழந்தை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் கொண்டுபோய் வைத்திருந்தார். படம் அதில் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ தடவை விளையாடியிருக்கிறோம். ஒருத்திகூட அந்தக் குழந்தையின் பிறந்த தேதியைத் தொட்டதில்லை. அது மூன்று மாதம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் இருந்திருக்குமா?

நீ தள்ளியே வா. அவசரமே இல்லை.

ஜனவரி 6

வயிற்றில் அசைவு காலையில் 11. ராத்திரி 10.

ஜனவரி 9

டாய் ஸ்டோரி 2 விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, இதுவரை அதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போர்வையில் சுற்றிக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்களே, அந்தப் படம் தியேட்டருக்கு வரவில்லை. நன்றாக இல்லை என்று அவர்களே முடிவு செய்து, கதையைத் திருப்பி எழுதி, ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் வேறு படமாக எடுத்தார்கள். 1999 நவம்பரில் நாம் பார்த்தது அதைத்தான்.

ஒன்பது மாதம்.

அப்படியானால் எதற்காக அந்தப் போர்வை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பதில் இதுதான். எல்லாம் அழிந்து போன மறுநாள், 'இது நல்லா இல்லை, திரும்பச் செய்வோம்' என்று சொல்ல யாருக்கும் தெம்பு இருந்திருக்காது. கையில் ஒன்று இருந்ததால்தான் அதை வேண்டாம் என்று வைக்க முடிந்தது. எனக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்குத் தெரியும்.

இளநீர் இரண்டு. அம்மா மூன்றாவதைச் சீவிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 13, போகி

பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் தகரடப்பா இறங்கியது. பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் வாசலுக்குப் போன கையோடு அதுவும் போயிருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அம்மா உள்ளே எடுத்து வந்தாள். வினிகர் வாடை. பழைய ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் இந்த வாடைதான் வரும்.

தாத்தா வைத்திருந்தது. துண்டு ஃபிலிம், ஏழெட்டு. பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரிக்க முடிந்தது ஒன்றே ஒன்று. எண்ணினேன். பன்னிரண்டு ஃபிரேம். அரை வினாடி.

"அதை எதுக்குக் கண்ணு இப்போ நோண்டற, கையக் கழுவு" என்றாள். கழுவினேன்.

ஜனவரி 14

பொங்கல். அசைவு 14. கரும்பு சாப்பிட்டதாலா?

ஜனவரி 15

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஒரு பெண் கையில் விளக்கு. முதல் ஃபிரேமில் நிமிர்ந்து பார்க்கிறாள். ஏழாவதில் இமை பாதி இறங்கிவிட்டது. பத்தாவதில் சுடர் வலது பக்கம் சாய்கிறது. பன்னிரண்டாவதில் கண் மூடியிருக்கிறது. அதற்கு மேல் இல்லை. ஓரத்தில் ஒலிக்கோடு ஓடுகிறது, எனவே பேசும்படம். ஆனால் அந்தச் சத்தம் இவளுடையது இல்லை. பிரிண்டில் படத்துக்கும் அதற்குரிய சத்தத்துக்கும் இருபது ஃபிரேம் அளவுக்கு இடைவெளி இருக்கும். புரொஜெக்டரில் படம் ஒளியைத் தாண்டும் இடம் வேறு, சத்தம் படிக்கப்படும் இடம் வேறு. இந்த அரை வினாடியில் இருப்பது வேறொரு நொடியின் குரல்.

யார் இவள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தாத்தா எந்தப் படத்திலிருந்து வெட்டினார் என்றும் தெரியவில்லை. டென்ட் கொட்டாயில் படம் அறுந்தால் ஒட்டும்போது நாலைந்து ஃபிரேமை வெட்டி எறிவார்களாம். பன்னிரண்டு கொஞ்சம் அதிகம்.

தாத்தாவின் வேலை பெட்டி தூக்குவது. ஒரே படப்பெட்டி, இரண்டு கொட்டாய். இங்கே ஒரு ரீல் முடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே ஓட்டம். மழை வந்தால் தன் தலையை நனையவிட்டு, பெட்டிக்குக் கோணிச்சாக்கைப் போர்த்துவார். இதை அம்மா சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 17

தண்ணீர் 6.5.

மூன்று மணி நேரம் பெஞ்சில். உள்ளே படுக்க வைத்தபோது திரையை என் பக்கம் திருப்பவில்லை. வேலையே திரை பார்ப்பதாக இருந்தவள் நான். ஸ்கேன் எடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே படத்தைத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 19

எருது விடும் விழாவுக்கு மைக் செட் கட்டிவிட்டார்கள். எந்த ஊரில் என்று தெரியவில்லை, காற்று கொண்டுவந்து கொட்டுகிறது. தூங்க முடியாததால் 1956ஐ எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருப்பதிலேயே பெரிய 'ஆகியிருந்தா' இதுதான்.

கிளேர் வீக்ஸ் என்று ஒருவர். டிஸ்னியில் பாம்பி, பீட்டர் பான் படங்களில் வேலை செய்தவர். பிறந்தது இந்தியாவில். 1956இல் பம்பாய்க்கு வந்து அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் வரையக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருடம் அங்கிருந்து ஒரு புத்த ஜாதகக் கதை வந்தது, மான் கதை. அங்கே கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன்.

அதே 1956இல் சேலத்தில், இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில், டி.ஆர்.சுந்தரம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தார். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அதற்கு 18 வருடம் முன்னால் மலையாளத்தின் முதல் பேசும்படமும் அவருடைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில்தான். எது புதிதோ அதைத் தன் இடத்துக்கு வரவழைத்துச் செய்து பார்க்கிற மனிதர்.

வீக்ஸ் பம்பாயில் இறங்காமல் சேலத்தில் இறங்கியிருந்தால்?

ஏற்காடு ரோட்டில் ஒரு கொட்டகை. இருபது பையன்கள், விளக்கு மேஜை, பேப்பர் நகராமல் இருக்க ஆணி. யாருடைய நடையை வரைந்து பழகுவார்கள்? வீக்ஸுக்கு மான் தெரியும். பையன்களுக்குக் கூத்து தெரியும். தர்மபுரி, பென்னாகரம் பக்கத்திலிருந்து கூத்துக்காரர்களைக் கூட்டிவந்து நிறுத்தியிருப்பார்கள். இரண்டு பேர் துணித் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் துரியோதனன் முதலில் கிரீடத்தை மட்டும் காட்டுவான். பிறகு ஒரு கை. சலங்கைச் சத்தம். திரை விலகும்போது சுழல்வான். அந்தச் சுழலை ஒரு வினாடிக்கு எத்தனை படமாக வரைவது? இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வீக்ஸ் சொல்வார். பாவாடை விரியும் இடத்தில் போதாது, ஒவ்வொன்றுக்கும் வரைய வேண்டும் என்று ஒரு பையன் அடம்பிடிப்பான். அந்தப் பையன் எனக்கு நன்றாகத் தெரிகிறான். மூக்கில் கிராபைட் கறை.

1963இல் சுந்தரம் இறந்துவிடுகிறார். அதை மாற்ற என்னால் முடியவில்லை. மாற்றலாம், விளையாட்டுத்தானே. ஆனால் யாருடைய சாவையும் மாற்றுவதில்லை என்று இந்தத் தடவை எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

இன்று அங்கே ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. காலேஜ் டூர் போனபோது அதன் கீழே ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி 20

ஃபோனில் அவரிடம் சேலம் கதையைச் சொன்னேன். "நடக்காததை ஏன் யோசிச்சிட்டே இருக்க, ரெஸ்ட் எடு" என்றார். நடந்ததை யோசிக்காமல் இருக்கத்தான். அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஓசூரிலிருந்து வருகிறார்.

ஜனவரி 22

முதல் முழுநீள அனிமேஷன் படம் 1937இன் ஸ்நோ ஒயிட் என்றுதான் நான் காலேஜ் பரீட்சையில் எழுதினேன். அதற்கு 20 வருடம் முன்பே, 1917இல், அர்ஜென்டினாவில் கிறிஸ்தியானி என்பவர் அட்டையை வெட்டி நகர்த்தி ஒரு முழுப் படம் எடுத்துவிட்டார். 1926 தீவிபத்தில் போய்விட்டது. ஒரு பிரதிகூட இல்லை. யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

நமக்கும் அப்படித்தான். முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ், 1931. டி.பி.ராஜலட்சுமி நடித்தது. படம் இல்லை. என் தகரடப்பாவில் இருக்கிறவளுக்காவது அரை வினாடி இருக்கிறது.

அசைவு 9. ஒரு மணி நேரம் கழித்து இன்னும் 4.

ஜனவரி 24

இன்று தியேட்டரில் அந்த ராமாயண அனிமேஷன் படம். தமிழிலும் வந்திருக்கிறது. யூகோ சாகோவும் ராம் மோகனும் கொய்ச்சி சசாகியும் சேர்ந்து செய்தது, 1992. ஒரு லட்சம் செல் (படம் வரையும் கண்ணாடித்தாள்) அளவுக்குக் கையால் வரைந்தது. நான் சின்ன வயதில் டிவியில் விளம்பர இடைவேளைகளோடு பார்த்து, கும்பகர்ணன் எழும் இடத்தில் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரைவதுதான் வேலை என்று முடிவானது அன்றைக்கு. அது அப்போதே ஊர் ஊராகத் தியேட்டரில் ஓடியிருந்தால், இங்கே ஒரு கொட்டாயில் ஓடியிருந்தால், எத்தனை தட்டுகள் ஆறியிருக்கும்! முப்பது வருடத்துக்கு மேல் தாமதம். படம் கெட்டுப்போகாமல் இருந்ததால் தாமதமாகவாவது வந்தது.

தம்பி பார்த்துவிட்டு வந்து சொல்வதாகப் போயிருக்கிறான். நான் இடது பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

ஜனவரி 25

அவர் வந்துவிட்டார். கால் அமுக்கிவிட்டார். பேசவில்லை, நன்றாக இருந்தது.

ஜனவரி 27

கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லி மெயில். லீவு முடிந்ததும் வேறு கொடுப்பார்களாம். என் சொந்த டிராயிங் எல்லாம் ஹார்டு டிஸ்கில் எடுத்தாகிவிட்டது. தாத்தா சைக்கிள் மிதிக்கும் பதினாறு படமும் அதில்தான். ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்.

ஜனவரி 30

கரண்ட் போனது. அம்மா எதுவும் சொல்லாமல் ஒரு வேட்டியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அப்பாவின் பூதக்கண்ணாடி, என் மொபைல் டார்ச். "சின்ன வயசுல ஃபியூஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, வெயில்ல கண்ணாடி காட்டிப் பாப்போம்" என்றாள். ஃபிலிமை வாங்கி, யோசிக்காமலே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். லென்ஸ் கவிழ்க்கும் என்பது அறுபது வயதுக் கைக்கு இன்னும் தெரிகிறது.

வேட்டியில் அவள் வந்தாள். ஒரு முழம் உயரம், ஓரமெல்லாம் மங்கல். கையில் விளக்கு. அம்மா ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக மேலே இழுத்தாள். இமை இறங்கியது. சுடர் சாய்ந்தது. கண் மூடியதும் அம்மா மறுபடி முதல் ஃபிரேமுக்குப் போனாள். கண் திறந்தது. நாலைந்து தடவை. கரண்ட் வந்த பிறகும் ஃபேனைப் போடாமல் பார்த்தோம்.

அந்த நேரத்தில் உள்ளே உதைத்த உதையை நான் எண்ணவில்லை.

பிப்ரவரி 1

4.8. இன்றைக்கே அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். அவருக்குச் சொல்லியாகிவிட்டது, கிளம்பிவிட்டார். 35 வாரம். 35 பரவாயில்லை என்றார் டாக்டர். பரவாயில்லை என்றுதான் சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டேன்.

தம்பி இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டான். வேட்டியில் விழுந்தவளையும் பன்னிரண்டு ஃபிரேமாக மொபைலில் எடுத்து அதில் போட்டிருக்கிறான். ஒன்று இங்கே பீரோவில். மற்றது அவன் வீட்டுக்கு. பையில் சும்மா போடப் போனான். வாங்கி, குழந்தைக்கென்று அம்மா கிழித்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியில் ஒன்றை எடுத்துச் சுற்றிக் கொடுத்தேன். மழை இல்லை, வெயில்தான், இருந்தாலும்.

அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வேட்டியை எடுத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டோ வந்துவிட்டது.