தண்ணீர்மலையில் நெடுவேள்

"இன்னும் எவ்வளவு தூரம்மா இருக்கு?"

நூற்றைம்பது படி ஏறியிருப்போம். பெரியம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். தைப்பூசக் கூட்டத்தில் அவரைப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு அழைத்து வர முடியாது. அதனால் பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்திருந்தோம். மேல் கோயிலுக்கு மொத்தம் 513 படி. மெதுவாக ஏறலாம், முருகன் எங்கும் போய்விடமாட்டான் என்று சொல்லி, அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் புறப்பட்டோம்.

அவர் கேட்ட 'தூரம்' என்ற அந்த ஒரு சொல் எனக்குள் நின்றுவிட்டது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. போன மாதம்தான் 'உயரமான மனிதர்' வேறு, 'உயர்ந்த மனிதர்' வேறு என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். உயரத்துக்கு எடுத்துக்காட்டாக இந்த மலையைத்தான் சொன்னேன். ஆனால் மலை ஏறுகிற யாரும் "எவ்வளவு உயரம்?" என்று கேட்பதில்லையே! எவ்வளவு தூரம், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை படி என்றுதான் கேட்கிறோம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மட்டும்தான் அது உயரம். முதல் படியில் கால் வைத்ததும் தூரமாகிவிடுகிறது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அதுவே பள்ளம்.

"பாதிகூட வரலை பெரியம்மா. உட்கார்ந்துட்டுப் போவோம்."

நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். மரங்களுக்கு நடுவே ஜார்ஜ்டவுன் தெரிந்தது, அதன் நடுவில் கொம்தார் என்ற வானளாவிய கட்டடம். அதை யாரும் மீட்டரில் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் 65 மாடியாகக் கட்டினார்கள், ஊருக்கு அது அறுபத்தைந்து மாடிக் கட்டடம். கட்டடத்துக்கு மாடி, மலைக்கோயிலுக்குப் படி, புற்றுக்கு ஆள் உயரம், அலைக்குத் தென்னை உயரம், வெள்ளத்துக்கு முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு. தமிழில் உயரத்தைப் பெரும்பாலும் நம் உடம்பால்தான் அளக்கிறோம், ஏறுகிற கால் உட்பட. பழநிக்கு 693, திருத்தணிக்கு 365, பத்துமலைக்கு 272 என்று எண்கள் நமக்கு மனப்பாடமாக இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். கால் எண்ணிய எண்கள் அவை.

பத்துமலையில் 'பத்து' என்பது மலாய்ச் சொல், கல் என்று பொருள். பிள்ளைகள் அதைப் பத்தாவது மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெயரில் குழப்பமில்லை. பக்கத்தில் அருவி விழுகிறது, ஆகவே தண்ணீர்மலை. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இது குன்றுதான். ஆனால் முருகன் ஏறி நின்ற இடத்தைக் குன்று என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. சுவாமிமலை மனிதர் கட்டியெழுப்பிய கட்டுமலை, அறுபதே படி, அதையும் மலை என்கிறோம். கும்பிடுகிறவர்கள் கொடுத்த உயரம் அது, எனக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை.

அப்புறம் பெரியம்மா எழுந்தார். அதற்குப் பின் தூரம் கேட்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் "முருகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போதுள்ள மேல் கோயில் 2012இல் கட்டி முடித்தது. கோபுர வாசலுக்கு வந்ததும் வியர்வையில் காற்று பட்டு உடம்பு சிலிர்த்தது. உள்ளே பாலதண்டாயுதபாணி. கையில் தண்டம் ஏந்திய சிறுபிள்ளை. இந்தப் பிள்ளையைத்தான் சங்கப் பாடல் 'நெடுவேள்', அதாவது நெடிய முருகன், என்கிறது. நெடு என்பது விந்தையான சொல். நெடுமரம் என்றால் மேல்நோக்கிப் போகிறது, நெடுவழி என்றால் தரையோடு போகிறது. உயரத்துக்கும் நீளத்துக்கும் ஒரே சொல் போதும் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

தீபாராதனைக்கு மணி அடித்தார்கள். பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கினார். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர், ஆறடிக்கு மேல் இருப்பார், கைகளைத் தலைக்கு மேல் குவித்து நின்றிருந்தார்.

"நெட்டைப் பையன், ஒண்ணுமே தெரியலைம்மா" என்றார் பெரியம்மா. குரல் உடைந்திருந்தது. இவ்வளவு படி ஏறி வந்தவர்.

அவரை நகரச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பிள்ளை ஓரடி பின்னால் வந்து, அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். நிமிர்ந்து நின்றபோது இருந்த ஆறடியும் கருவறையை நோக்கித் தரையில் நீண்டு கிடந்தது. அவருக்கு மேலாகத் தீபமும், விபூதிக் காப்பில் சின்ன முகமும் தெரிந்தன.

"தெரியுதா பெரியம்மா?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு கையும் உச்சந்தலைக்குப் போயிருந்தன.