தோற்ற ஆட்டத்தை முதலில் காட்டுகிறேன்

நாகர்கோவிலில் ஒரு சிறிய வீடியோ நிறுவனத்தில் வேலை. கபடியைப் பார்த்தே இராத வெளிநாட்டினருக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ராத்திரி லைட் போட்டு நடக்கிற ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட மனசுக்குப் பிடித்த வேலை கிடையாது.

விதிகளைச் சொல்லிவிடலாம். ஒரு பக்கத்துக்கு 7 பேர், ஒருவர் எதிரணிப் பக்கம் பாடிப் போகிற ரெய்டுக்கு 30 விநாடி, தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. கண்ணை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. புதிதாகப் பார்க்கிறவர் ரெய்டரை மட்டுமே பார்ப்பார். "பாடி வாறவன விடு மக்கா, பிடிக்கப் போறவன் காலப் பாரு" என்பார் எங்கள் பக்கத்துக் கோச் ஒருவர். கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பிடித்ததுமே அவனுக்கு உள்பக்கம் நிற்கிற கவர் ஆட்டக்காரன் வந்து விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அதனால் என் ஸ்கிரிப்டில் ஸ்லோ மோஷன் எப்போதும் கார்னர்காரனின் பாதத்தில்தான் தொடங்கும்.

ஆபீஸில் நீண்ட வாக்குவாதம் நடந்தது முதல் காட்சியைப் பற்றி. 1990 பெய்ஜிங் தொடங்கி 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் தங்கம் ஏழும் இந்தியாவுக்கே. அதை வைப்போம் என்றார்கள். நான் 2018 ஜகார்த்தா வேண்டும் என்றேன். அங்கே அரையிறுதியில் ஈரான் நம் ஆண்கள் அணியை வீழ்த்தியது. பெண்கள் இறுதியிலும் ஈரானே 27-24 என்று ஜெயித்தது. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நம் மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். "நாம தோத்தத நாமளே காட்டணுமா அண்ணா?" என்று எடிட்டிங் தம்பி வருத்தத்தோடு கேட்டான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரே நாடு ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள போலந்திலோ கென்யாவிலோ ஒரு பிள்ளைக்கு என்ன ஆசை வரும்? 2016 அகமதாபாத் உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே கொரியா இந்தியாவை 34-32 என்று தோற்கடித்ததை அடுத்த காட்சியாக வைத்தேன். கடைசியில் கோப்பை நமக்குத்தான் வந்தது.

பழம்பெருமை வரிகளை வெட்டிவிடுவேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போதே கபடியை ஆடிக் காட்டினார்கள். ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாக அதற்குப் பிறகு 54 ஆண்டுகள் ஆயின. வேடிக்கை காட்டினால் மட்டும் ஓர் ஆட்டம் வேர் பிடிக்காது. அங்கங்கே ஆடுகிறவர்கள் வேண்டும்.

இப்போது கையில் இருப்பது 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவும் ஈரானும் மோதிய ஆண்கள் இறுதிப் போட்டி. 28-28 என்று நின்றபோது நம் ரெய்டர் பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமல், களத்தின் ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்தார். ஈரான் வீரர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். அப்படி இறங்கினால் யார் யார் அவுட் என்பதில் சர்வதேச விதி ஒன்று, நம் ப்ரோ கபடி லீக்கின் விதி வேறு. எதைப் பின்பற்றுவது என்ற சண்டையில் ஆட்டமே நின்றுபோய், பிறகு 33-29 என்று இந்தியா வென்றது. வென்ற பிறகும் அந்த ரெய்டை ஒரு புதியவருக்கு எப்படி விளக்குவது? ஒரே ஆட்டத்துக்கு இரண்டு லாபி விதி இருப்பதை முதலில் சரிசெய்ய வேண்டும். அதுவரை இரண்டையும் அடுத்தடுத்துப் படம் போட்டுக் காட்டுவது என்று முடிவுசெய்திருக்கிறோம்.