ஆற்றோடு நடந்து நீர்வண்ணனிடம்

2015 டிசம்பர் 1 ராத்திரி. ஜாபர்கான்பேட்டை வீட்டுக் கீழ்த்தளத்தில் பீரோ உயரத்துக்கு அடையாறு. மொட்டை மாடியில் கொட்டும் மழையில் நின்றுகொண்டு அம்மா புடவைத் தலைப்பைக் கிழித்தாள். ஒரு ரூபாய்க் காசை அதில் முடிந்தாள். "நீர்வண்ணா, இந்தத் தண்ணிய வடிய வை. ஆத்தங்கரையோடவே நடந்து வந்து உன்னைப் பாக்கறேன்."

திருநீர்மலைப் பெருமாள் நீர்வண்ணன் வடிய வைத்தான். படகு வந்தது, பிழைத்தோம். அந்தத் துணிக்கு அப்புறம் மஞ்சள் பூசி அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். வீட்டு ரிப்பேர், கொரோனா, அம்மாவின் முழங்கால் என்று 10 வருஷம் ஓடிவிட்டது. போன தை மாதம், "என்னால நடக்க முடியாதுடி. நீ நடந்துடு. நான் ஆட்டோல வந்து அவன் முன்னாடி உக்காந்திருக்கேன்" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்தே கரையோடு போக வழியில்லை. நடுவில் விமான ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலம் போட்டுக் கடக்கிறது. அதனால் அனகாபுத்தூரிலிருந்து கிளம்பினேன். அங்கே தறி நெய்யும் பெரியவர் ஒருவர் தை மாதத்தில் ஏழெட்டுப் பேரைக் கரையோடு திருநீர்மலைக்கு அழைத்துப் போவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். போன் பையில், வாய் மூடியே இருக்கவேண்டும். அவர் கை காட்டும் இடத்தில் நிற்க வேண்டும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ ஒரு வீட்டில் தறிச் சத்தம், அது தேய்ந்து மறைகிற வரைக்கும் முதல் நிறுத்தம். அப்புறம் ஓட்டத்துக்கு எதிராக நடை. ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் ஆறு என்றே தெரியவில்லை. நாற்றமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு திருப்பத்தில் தண்ணீர் திறந்து கிடக்க, கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது அசையவே இல்லை.

சீமைக்கருவேலம் அடர்ந்த ஓரிடத்தில் பெரியவர் எதிர்க்கரையைக் காட்டினார். "செம்பரம்பாக்கத்துத் தண்ணி இங்கதாம்மா வந்து சேரும்." அன்றைக்கு ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் படித்த தண்ணீர். இப்போது முழங்கால் நனைகிற அளவுதான் இருக்கும், சலசலப்புகூட இல்லை. என் கால்கள் நடுங்கின. எங்கள் வீட்டுக்குள் வந்தது இவள்தானா?

பெரியவர் வாயைத் திறந்து நீளமாகப் பேசியது அங்கே மட்டும்தான். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம். திரும்பிப் போகாமல் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகுதான் சேவித்தார். "ஆழ்வாருக்கே ஆறு மாசம்மா. நாம எம்மாத்திரம்?" நான் 10 வருஷம் தள்ளிப்போட்டவள். அவன் காத்திருந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது, அழுதுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடிவாரம் வந்ததும் அத்தனை அமைதியும் போயிற்று. முகூர்த்த நாள்! திருநீர்மலையில் முகூர்த்தம் என்றால் சொல்லவே வேண்டாம். செருப்பை இங்கே விடு, தட்டு வாங்கு, சீக்கிரம் தரிசனத்துக்கு ஆள் இருக்கு என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வீடியோக்காரர்கள் வழியை மறித்து நிற்கிறார்கள். வயசானவர்கள் எப்படி உள்ளே போவது? வருத்தமாகத்தான் இருந்தது.

அம்மா கீழே நீர்வண்ணப் பெருமாள் சன்னதியில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். முடிச்சை அப்படியே உண்டியலில் போட்டுவிடலாம் என்றேன். "அவிழ்க்காம போடக் கூடாதுடி." 10 வருஷ முடிச்சு, மஞ்சளும் அரிசித் தவிடும் இறுகிக் கல்லாகியிருந்தது. அவள் நகம் ஏறவில்லை, என் நகமும் ஏறவில்லை. பின்னால் நெருக்குகிறார்கள். அம்மா சட்டென்று அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் தெறித்துக் காசு உள்ளங்கையில் விழுந்தது, கறுத்துப் போய். அந்த நேரம் தீபாராதனை. ஒளியில் நின்ற கோலத்தில் அவன். அம்மா காசை நீட்டிக்கொண்டே, "வடிய வெச்சியேப்பா, வடிய வெச்சியே" என்கிறாள். எனக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. என்ன வேண்டிக்கொள்வது என்று வீட்டில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ!

மலையேறி, இருந்த கோலத்தில் நரசிம்மர், கிடந்த கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்தவன் என்று மூவரையும் சேவித்தேன். மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நூல் மாதிரி. அதன் கரையில் நானும் நடந்து வந்தேன் என்று நினைக்கையில் நன்றி நன்றி என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை.

வெள்ளத்துக்கு அப்புறம் பஸ்ஸில் அடையாற்றின் மேலிருக்கும் ஈக்காட்டுத்தாங்கல் பாலம் வந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று திரும்பும்போது அங்கே ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். "இங்க நிறுத்தக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தம்பி ஓரம் கட்டினார். அம்மா இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே பிரசாதத் துளசியில் ஒரு கிள்ளு எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இந்தா, அவளுக்கும் போடு."