ஏழு வாரக் கணக்கும் இடது கையும்

என் நாத்தனார் மகளும் என் மகனும் ஐந்து நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். வம்பே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. அவள் நாள் நிறைந்து மூன்று கிலோவில் பிறந்தவள், இவன் 33ஆவது வாரத்திலேயே அவசரப்பட்டு வந்து 1,780 கிராமில் 19 நாள் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அதற்கு இரண்டும் ஒரே செட். அவள் முகம் பார்த்துச் சிரிக்கிற வீடியோ வந்தால் அடுத்த நிமிஷமே பெரியப்பா கேட்டுவிடுவார்: "நம்ம பையன் சிரிக்கிறானா?" அவள் தலை நின்றது, 'ங்கா' சொன்னது எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. நான் ஒரு கும்பிடு எமோஜி போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து பத்து நிமிஷம் சிரித்துக்கொண்டிருப்பேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

14 வாரத் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். திருவனந்தபுரத்தில் உருவாக்கிய வளர்ச்சிச் சோதனை அட்டையாம். மேலே மாதங்கள், கீழே படுக்கைவாட்டில் 17 பட்டைகள், ஒவ்வொரு பட்டையும் ஒரு திறன். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளையெல்லாம் குழந்தை செய்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. அவர் பேனாவை மூன்றரை மாதத்தில் வைத்தார், என் வயிறு கலங்கியது. அப்புறம் அதே பேனாவை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். "40லிருந்து 33 போனா ஏழு வாரம். அவனுக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலம்மா." அடுத்த பத்து நாளில் சிரித்தான், அதுவும் என்னைப் பார்த்து இல்லை, காலண்டரில் இருக்கும் முருகனைப் பார்த்து.

இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். கண் விழித்திரைப் பரிசோதனைக்கு முதல் 30 நாளுக்குள் கட்டாயம் போங்கள் என்றார்கள், போனோம். இரும்புச்சத்து சொட்டு மருந்து தந்தார்கள். ஆனால் குழந்தைக்கு இரண்டு வயசு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான், அதில் ஒரு வாரம்கூடக் கழிக்கக்கூடாது. தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றுக்கும் டெலிவரிக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், இரண்டு வயது முடியும்வரை.

அதிலிருந்து நான் பெரிய நிபுணி ஆகிவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கைத் தேடிப் படித்தேன். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் சரிதான். தனியாக நடப்பது 8.2லிருந்து 17.6 வரை. நூற்றில் நாலு குழந்தை கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. எவ்வளவு பெரிய இடைவெளி! இதைப் படித்ததும் பெரியப்பாவுக்கு ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்பினேன். அவர் கேட்டிருக்க மாட்டார். யாரோ அன்பாக வாங்கிவந்த வாக்கரைப் பரணில் ஏற்றினேன், கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள் என்ற உபரித் தகவலோடு. எதைக் கேட்டாலும் "ஏழு வாரம் கழிச்சுப் பாருங்க" என்பேன். அந்தக் கணக்கை எனக்கு ரொம்பவே பிடித்துப்போய்விட்டது.

பிறந்து ஏழரை மாதம், கழித்துப் பார்த்தால் ஆறு. குப்புற விழுந்தாயிற்று, அந்த வயதுக்கு அட்டையில் ஒரு பட்டை மட்டும் மிச்சம்: பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது. வரும், இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கிலுகிலுப்பை, கரண்டி, என் தாலி, எதுவானாலும் வலது கையால் லபக்கென்று பிடிப்பான். "சோத்துக்கைக்காரன்டா என் பேரன்" என்று என் அப்பாவுக்குப் பெருமை.

கண்டுபிடித்தது என் மாமியார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அவர் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்கால் மேல் அவனைக் குப்புறப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டித் துடைத்துக் கொடுத்தார், நான் துண்டில் வாங்கினேன். "இரு இரு" என்று இடது கையைப் பிடித்தார். "இந்தக் கைய மட்டும் இவன் பிரிக்கவே மாட்டேங்குறான் பாரு. போன வாரமும் இப்படித்தான்." ஒவ்வொரு விரலாக விலக்கினார். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நாலும் அதன் மேல் இறுக மூடியிருந்தது. உள்ளங்கை ரேகையில் அன்றைக்குத் தேய்த்த பயத்தமாவோடு போன வாரத்து மாவும் காய்ந்து ஒட்டி, புளித்த வாடை அடித்தது. வலது உள்ளங்கை பளிச்சென்று இருந்தது.

அன்று ராத்திரி அவன் இடது பக்கம் ஒரு எவர்சில்வர் ஸ்பூனை நீட்டினேன். வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, உடம்பையே திருப்பி எடுத்துக்கொண்டான். வலது கையை நான் மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினேன். ஸ்பூனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அழுதான். பீரோவிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி, தலை அல்ட்ராசவுண்டில் கிரேடு 1 ரத்தக்கசிவு. அந்த ஆஸ்பத்திரியில் இதை எங்களிடம் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நாங்களும் படிக்கவில்லை, பில்லைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம்.

மருத்துவர் முதலில் சமாதானம்தான் சொன்னார். கிரேடு 1 பெரும்பாலும் சுவடில்லாமல் கரைந்துவிடும், அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "லேட்டா வர்றதுக்குத்தாம்மா ஏழு வாரம் கழிக்கலாம். ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் வரலன்னா அதுல கழிக்க ஒண்ணுமில்ல." ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்குச் சோற்றுக்கை, பீச்சாங்கை என்று ஒரு கைப்பழக்கம் வரவே கூடாதாம். அப்படித் தெரிந்தால் மற்ற கையைச் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தருகிற இடம். 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது, பிறந்த குழந்தையிலிருந்து 18 வயதுவரை பார்க்கிறார்கள், காசு கிடையாது. வாரம் ஒரு நாள் போனோம். பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண். "அக்கா, விரலைப் பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா இன்னும் இறுக்குவான்" என்று சொல்லி, அவன் புறங்கையை மெதுவாக வருடிக் காட்டினாள். பூ மாதிரி விரிந்தது. நான் எட்டு மாதத்தில் அந்தக் கை தானாக விரிந்து பார்த்ததே இல்லை. வீட்டில் வலது கைக்கு அரை மணி நேரம் சாக்ஸ். பொம்மை எல்லாம் இடப்பக்கம். ஒரு கையில் அடங்காத சாமானாகக் கொடுங்கள் என்றாள், அதனால் பந்து, டிபன் கேரியர் மூடி, காலி ஹார்லிக்ஸ் டப்பா. சாக்ஸ் மாட்டியதும் அவன் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலேயே ஏறி வந்துவிட்டார்.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவங்களைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். சப்பாணி என்றால் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. ஒரு கை போய் இன்னொரு கையை நடுவில் சந்திப்பதற்கு ஒரு குழந்தை எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சாக்ஸ் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

பிறந்து பதினொரு மாதம் ஆனபோது, கழித்துப் பார்த்தால் ஒன்பதரை, ஒரு சாயங்காலம் மாமியார் எதிரில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். இவன் இடது கையை முட்டி மேல் வைத்திருந்தான், பாதிதான் விரிந்திருந்தது. அதை மெல்லத் தூக்கினான், வலது கை வந்து அதன் மேல் விழுந்தது. சத்தமே வரவில்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை லேசாக ஒரு 'தப்'. போன் கிடைத்ததும் எடுத்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது, அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோவைக் குரூப்பில் போட்டேன். பெரியப்பாதான் முதலில் பார்த்தார்.

"சூப்பர்மா. நடக்கிறானா?"