குளிர்கால ஓநாய்க்குக் கோலாலம்பூரில் ஒத்திகை

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஓநாய் பார்க்கப் போகும் லாமார் பள்ளத்தாக்கில், பிப்ரவரி விடியல் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவதுண்டு. அந்தக் குளிருக்கான தயாரிப்பில் பெரும்பகுதியைக் கோலாலம்பூரிலேயே முடித்துவிடலாம்.

முதல் சோதனைக்கூடம் வீட்டு ஃப்ரீசர். சுமார் மைனஸ் 18 டிகிரி. சாதாரண அல்கலைன் பேட்டரி போட்ட டார்ச்சை இரவு முழுக்க உள்ளே வைத்தால் காலையில் மங்கலாகத்தான் எரியும். லித்தியம் ஏஏ பேட்டரி தாக்குப்பிடிக்கும். கேமரா பேட்டரி உறைந்தால் கெட்டுப்போவதில்லை, சூடேறியதும் உயிர் வரும். அதனால் இரண்டு பேட்டரி, ஒன்று எப்போதும் உள்சட்டைப் பையில். தொலைநோக்கியை மட்டும் ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்த நொடியில் நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் வியர்த்துக் கொட்டும். நைட்ரஜன் அடைக்காத கருவியானால் உள்ளேயும் நீர் கோத்து, பிறகு பூஞ்சை பிடிக்கும். அங்கே பனியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போதும் இதே ஆபத்துதான். வெளியிலேயே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிட்டு, மூன்று மணி நேரமாவது கழித்துத் திறக்க வேண்டும்.

ஸ்கோப் (அதிக உருப்பெருக்கமுள்ள தொலைநோக்கி) நிற்கும் முக்காலியின் அலுமினியக் காலைத் தொட்டால் கையுறைக்குள்ளும் விரல் மரத்துவிடும். ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையை நீளவாக்கில் கீறி மாட்டி, டேப் ஒட்டினால் போதும்.

கண் பயிற்சிதான் அதிக நாள் எடுக்கிறது. ஓநாயிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. நடைமுறையில் அது இரண்டு கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கலாம். வால் சேர்த்து ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஓநாய் அந்தத் தூரத்தில் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் 500 மீட்டரில் நம் ஊர்க் காக்கை தெரியும். ஆகவே கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காக்கைதான் ஓநாய். பைனாகுலரில் பிடித்து, பக்கத்தில் மூன்று அடையாளங்களை மனத்தில் குறித்து, பத்து விநாடிக்குள் ஸ்கோப்பைத் திருப்பிப் பழக வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறு, நேராக 60 மடங்குக்குப் போவது. பார்வைப் பரப்பு சுருங்கி, இலக்கு காணாமல் போகும். வெயில் ஏறியதும் காற்றலையில் உருவமும் துடிக்கும். 25 மடங்கில் தேடு, தேவையானால் மட்டும் ஏற்று.

அங்கே போன பிறகும் காக்கைகளையே தேடுங்கள். ரேவன் என்ற பெருங்காக்கைக் கூட்டம் ஒரே இடத்தில் இறங்கி ஏறினால், அங்கே இரை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓநாய்கள் உண்டு படுத்துவிட்டாலும் இடத்தை விட்டு நகராதீர்கள்: கழுகு, மேக்பை பறவை, ஓநாயைப் போன்ற சிறு விலங்கான கோயோட்டி எல்லாம் முறைவைத்து வரும். குறிப்பேட்டில் நேரம், எண்ணிக்கை, நிறம் (கறுப்பா, சாம்பலா), வால் தூக்கிய நிலை, நொண்டல். பிப்ரவரி இணைசேரும் காலம்; சூல் 63 நாள், ஏப்ரலில் குட்டி. எல்க் மான்களுக்கோ அந்தக் குளிர்காலக் கடைசியில் உடம்புக் கொழுப்பு தீர்ந்திருக்கும். ஓநாய்க் குட்டியின் பால் அந்த மெலிந்த மான்களிடமிருந்துதான் வருகிறது.

பனி உருகியபின் எலும்பு கிடந்த இடத்தையும் ஸ்கோப்பில் பாருங்கள். அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் மூஸ் மான் விழுந்த இடங்களின் மண்ணில் நைட்ரஜன் கூடியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அங்கே முளைத்த செடிகளின் இலையிலும் அது கூடுதலாக இருந்தது.